வண்டி தெரிவித்த ஆட்சேபணை

“கொஞ்ச நாளைக்கு நான் கடையிலேயே படுத்துக்கறேன்.”

“படுத்துக்கங்க.”

“வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

“நாற்காலியைத் தூக்கிட்டுப் போனப்ப என்னைக் கேட்டீங்களா? இப்பவும் கேக்கலை, சொல்றீங்க. போங்க. திரும்பி வர்றப்பவாவது கேட்டுட்டு வாங்க.”

“என் வீட்டுக்கு வர நான் எதுக்குக் கேக்கணும்?”

“அப்ப வராதீங்க.”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மூன்று நாற்காலிகள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மகன் திரும்பி வராத பிறகு, மூன்றாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அவரால் சாப்பிட முடியவில்லை. ஒருநாள் மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அதைக் கடைக்கு எடுத்துப் போய், கண் பரிசோதனைக்கு வருபவர்கள் உட்காரப் போட்டுவிட்டார். அவளுக்கோ அந்த நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட முடியவில்லை. இது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மகனின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டில் முதலில் தெரிந்துகொண்டது அவள்தான். அன்று மாலை வரை அதைத் தனியாகச் சுமந்துகொண்டு மற்றவர்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இதையும் அவர் கேட்டதில்லை.

கடைக்குக் குடிபோன சில நாட்களில், சமையலறைக் குழாய் ஒழுகுமே என்று நினைவு வந்து, ஒரு வாஷர் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் தன் பழைய கார் வண்டியை நிறுத்தினார். அவள் வெளியே வந்து வாங்கிக்கொண்டாள். தூறல் போட்டது. “நனையாதீங்க, வண்டியில உக்காருங்க” என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்க்கும் இரண்டு கோப்பைகளும் எடுத்து வந்து, முன்சீட்டில் அவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

மறுநாளும் அவர் வந்தார். அவளும் பிளாஸ்க்கோடு வந்தாள். வண்டி வீட்டுக்குள் சேர்த்தி இல்லை. எனவே அவர் கேட்க வேண்டியதில்லை, அவள் அழைக்க வேண்டியதில்லை. தினமும் கடையை மூடிவிட்டு வருவார். குழாய், மாடிச் சுவரின் விரிசல், அவளுடைய மேலதிகாரியின் தலைவலி என்று பேசுவார்கள். மகனைப் பற்றிப் பேச மாட்டார்கள். தெருக்காரர்கள் அந்த வண்டிக்கு “வெளி ஹால்” என்று பெயர் வைத்திருந்தார்கள். “வெளி ஹால்ல விளக்கு எரியுது, இன்னைக்குப் பேச்சு நீளும்போல” என்பார்கள். கேலிதான், ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் வேறு யாரும் வண்டியை நிறுத்தியதில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். வீதி விடுதலை வாரியம் வந்துவிட்டது.

அறிவிப்பை யாரும் கிழித்துவிடக் கூடாது என்பதால் விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒட்டியிருந்தார்கள். படிக்க வேண்டுமானால் கம்பத்தடியில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியின் மேல் ஏற வேண்டும். வண்டிகள் அங்கே நிற்கக் கூடாது என்பதுதான் அறிவிப்பு. எழுத்து, கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரி அளவுக்கு இருந்தது. தொழில் தெரிந்தவர் என்று தெருக்காரர்கள் கண்ணாடிக்காரரை அவருடைய வண்டி மேலேயே ஏற்றிவிட்டார்கள்.

“இந்த வீதி வாகனங்களிடமிருந்து விடுதலை பெறுகிறது” என்று அவர் மேலிருந்து படித்தார். “இனி வீதியின் விருப்பத்துக்கு மாறாக அதன் மேல் எதுவும் நிற்காது. ஆட்சேபணை உள்ளவர்கள் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கலாம்.”

“உயிர் இருக்கற வரைக்கும் போராடுவேன்” என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

“உங்க வண்டியை எங்க விடுவீங்க?” என்று கண்ணாடிக்காரர் இறங்கியபடியே கேட்டார்.

“எனக்கென்ன, போன மாசமே சுவரை இடிச்சு உள்ள இடம் பண்ணிட்டேன். நான் போராடறது கொள்கைக்காக.”

வாரிய அலுவலகம் இருந்த வீதி ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்தது. எனவே வண்டியை வெகு தூரத்தில் விட்டுவிட்டு நடந்து போக வேண்டியிருந்தது. ஆட்சேபணைப் பிரிவில் ஓர் எழுத்தர் அம்மா இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், புன்னகைப்பது எப்படி என்று ஊழியர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருந்தது.

“அந்த வீதில வசிக்கறீங்களா?”

“வீடு அங்க இருக்கு.”

“வீட்டைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன்.”

“நான் கடையில படுத்துக்கறேன்.”

“அப்ப விருந்தாளி.”

“விருந்தாளின்னா உள்ள போவாங்களே. நான் போறதில்ல.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தாள். “அந்த வீட்ல இருக்கறவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”

“புருஷன்.”

“பேச்சு வார்த்தை இல்லையா?”

“தினமும் பேசிக்கறோம்.”

“எங்க?”

“வண்டியில.”

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். நெடுநேரம் கழித்துத் தன் அதிகாரியோடு திரும்பி வந்தாள். அதிகாரி சிக்கலைத் தீர்த்துவிட்ட முகத்தோடு இருந்தார்.

“உங்களுக்கு ஆட்சேபிக்க உரிமை இல்லை. ஆனா அந்த வீதில தினமும் நிக்கறது யாரு? வண்டி. பாதிக்கப்படறது யாரு? வண்டி. அதனால வண்டி ஆட்சேபணை தெரிவிக்கலாம். நீங்க அதுக்குப் பாதுகாவலர்.”

“வண்டி பேசாதே, சார்.”

“எங்களுக்கு வர்ற ஆட்சேபணையிலேயே அதுதான் சிறந்த வகை” என்றார் அதிகாரி.

எழுத்தர் விவரம் கேட்டு எழுதத் தொடங்கினாள். “வயசு?”

சொன்னார்.

“உடல்நிலை?”

“காலையில கிளம்ப அடம் பிடிக்கும்.”

“முதியோர்னு போட்டுக்கறேன். முன்னுரிமை உண்டு. குடும்பம்?”

கண்ணாடிக்காரர் யோசித்தார். “மூணு பேர் போவோம்” என்று தொடங்கி, நிறுத்தி, “ரெண்டு பேர்” என்றார்.

அடுத்த வாரம் பயன்பாட்டு ஆய்வாளர் வந்தார். ஆட்சேபணை தெரிவித்த வண்டி வீதியில் உண்மையில் என்ன செய்கிறது என்று நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டியது அவர் வேலை. இளவயதுக்காரர், ஒல்லி, கழுத்தில் வாரியத்தின் அட்டை. “நான் இருக்கறதையே மறந்துடுங்க. இயல்பா இருங்க” என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

வண்டி பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

முன்சீட்டில் இருந்த இருவரும் அசையவில்லை. அந்தத் தாழ்வு அவர்களுக்குப் பழக்கமானது. பள்ளிக்கூட நாட்கள் முழுக்க, கல்லூரி நாட்களில் பாதி, ஒவ்வொரு காலையிலும் வண்டி அப்படித் தாழ்ந்த பிறகுதான் அவர் சாவியைத் திருப்புவார். அவர் கை இப்போதும் சாவிக்குப் போயிற்று. பிறகு மடிக்குத் திரும்பி வந்தது.

“குழாய் எப்படி இருக்கு?” என்றார்.

“பரவாயில்ல” என்றாள்.

பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அவள் தேநீர் ஊற்றினாள். ஒரு கோப்பையை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தலையைத் திருப்பாமலே பின்பக்கம் நீட்டி, “சூடு, பாத்துக் குடி” என்றாள்.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். வாங்கலாமா என்று விதியில் இருந்ததா தெரியவில்லை. வாங்கிக்கொண்டார். “சரிம்மா” என்றார்.

அவளுக்குக் கோப்பை இல்லை. பிளாஸ்க்கின் மூடியில் ஊற்றிக் குடித்தாள். கண்ணாடிக்காரர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த கண்ணாடியில் பின்சீட்டு தெரியும் என்பதால் அதைப் பார்க்கவில்லை.

விசாரணை நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. அவளுக்கு வேலை நாள், வரவில்லை. வாரியத் தலைவி எழுந்து பேசினார்.

“மக்களின் கருத்தை இந்த வாரியத்தைப் போல மதிப்பவர்கள் யாரும் இல்லை. முடிவெடுக்கும்போது அது கசங்கிவிடக் கூடாதே என்பதற்காக, முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டுத்தான் கருத்தைக் கேட்கிறோம். சிலர், எங்கள் வாசலில் எங்கள் வண்டியை நிறுத்தக் கூடாதா என்று கேட்கிறார்கள். ஐயா, வாசல் உங்களுடையது. வாசலுக்கு எதிரில் இருப்பது எதிர்காலம். எதிர்காலத்தில் வண்டியை நிறுத்த முடியுமா?”

செயலாளர் கைதட்டினார். போராட வந்திருக்கிறோம் என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

வண்டியின் ஆட்சேபணை முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆய்வாளர் அறிக்கையைப் படித்தார். அவர் குரல் கொஞ்சம் தணிவாக இருந்தது.

“வாகனம் எங்கும் செல்லவில்லை. உள்ளே இருவர். ஒரு பிளாஸ்க். உரையாடல்: குழாய். மௌனம்: கணிசமான அளவு. முடிவு: வாகனத்தில் நடைபெறும் செயல் அனைத்தையும் எதிரில் உள்ள வீட்டுக்குள்ளேயே செய்துகொள்ளலாம். அங்கே கூரை, மேசை, போதிய வெளிச்சம் உள்ளன. அவர்கள் ஏன் உள்ளே செல்வதில்லை என்பதற்குக் காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அடுத்தவர் சிரிக்காததால் அதுவும் அடங்கிவிட்டது.

“பாதுகாவலர் பதில் சொல்லலாம்” என்றார் தலைவி. “அந்த வீட்டுக்குள்ளே போக முடியாதா?”

“கேட்டுட்டுத்தான் போகணும்.”

“கேட்டீர்களா?”

“இல்லைங்க.”

“ஏன்?”

கண்ணாடிக்காரர் ஒலிபெருக்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் பார்வை மங்கியவர்களிடம், இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்பவர். “கேட்டா, இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றது?” என்றார்.

“சரியாகப் போயிற்றே” என்று தலைவி முகம் மலர்ந்தார். “வாரியத்துக்கு வேண்டியதே அதுதான். நீங்கள் போய்க் கேளுங்கள். அவர்கள் மறுக்கட்டும். எங்கள் ஆய்வாளர் சாட்சியாக நின்று மறுப்புச் சான்று கொடுப்பார். வேறு வழியே இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டால் உங்கள் வண்டிக்கு மட்டும் அந்த இடத்தை நிரந்தரமாகவே ஒதுக்கிவிடலாம். இப்படி ஒரு சலுகையை வேறு எந்த வாரியம் கொடுக்கும்?”

இந்தத் தடவை செயலாளர் மனதாரக் கைதட்டினார்.

மறுநாள் மாலை, வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்காரரும் ஆய்வாளரும் நின்றார்கள். அந்தப் பக்கம் அவள், கையில் பிளாஸ்க்கோடு. செயலாளர் ஏற்கெனவே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“நான் இல்லைன்னு சொன்னா வண்டி நிக்கலாமாமே” என்றாள்.

“ஆமா.”

“வாங்கன்னு சொன்னா?”

“நிக்கக் கூடாது.”

“கேளுங்க சார்” என்றார் ஆய்வாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கணவரையே பார்த்தாள். “கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. நான் எதைச் சொல்லணும்னு கேக்க வந்திருக்கீங்க?”

இத்தனை நாள் தேடிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் முத்திரை குத்தும் பெட்டியோடு ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார். இப்போது கேட்டால் அது வண்டிக்காகக் கேட்டதாகிவிடும். அவள் வா என்றாலும் வராதே என்றாலும், வாரியத்துக்குச் சொன்ன பதிலாகிவிடும்.

“நான் கேக்கலைன்னு எழுதிக்கங்க தம்பி” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். “சரி” என்று உள்ளே போனாள். பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை.

ஆய்வாளர் எழுதவில்லை. “அன்னைக்குத் தேநீர் நல்லா இருந்துச்சு சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் நேரம் கடந்ததால் ஆட்சேபணை தானாகவே தள்ளுபடியாயிற்று. “அன்புள்ள வாகனம் அவர்களுக்கு” என்று தொடங்கிய கடிதத்தை யாரோ வண்டியின் வைப்பருக்கடியில் செருகி வைத்திருந்தார்கள். மக்களாட்சியில் அது காட்டிய ஆர்வத்துக்கு வாரியம் நன்றி சொல்லியிருந்தது.

விடுதலை விழாவுக்கு அதிகாரிகள் வண்டிகளில் வந்தார்கள். ஓரத்தில் நிறுத்தக் கூடாது என்பதால் வீதியின் நடுவிலேயே நிறுத்தினார்கள். ஓரமெங்கும் சிமெண்டுத் தொட்டிகள் வந்தன. கண்ணாடிக்காரரின் வண்டி நின்ற இடத்தில் ஒரு பெஞ்சு வந்தது. அதில் உட்காரக் கூடாது என்று பலகையும் வந்தது. மேற்பார்வைக்கு ஊதலோடு ஒரு காவலாளி வந்தார்.

அன்று மாலையும் கண்ணாடிக்காரர் வந்தார். அவள் வாசலில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். அவர் வேகத்தைக் குறைத்து வண்டியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கியதும் ஊதல் கேட்டது.

“சாப்டீங்களா?” என்றாள் அவள்.

பதில் சொல்வதற்குள் வீதி முடிந்துவிட்டது. சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். “சாப்டேன். நீ?”

அடுத்த சுற்றில், “இனிமேதான்.”

அதற்கடுத்த சுற்றில், “நேரத்துக்குச் சாப்பிடு.”

இப்படிச் சில நாட்கள் நடந்தது. ஒரு பேச்சுக்கு ஒரு சுற்று. தேநீர் பிளாஸ்க்கிலேயே ஆறியது. அவள் அதை எடுத்து வருவதை நிறுத்தவில்லை. வாரியம் கூடி, திரும்பத் திரும்பச் சுற்றி வருவது தவணை முறையில் வண்டியை நிறுத்துவதே, இனி ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் காவலாளியின் கைக்கு வந்த மாலையில் கண்ணாடிக்காரர் வந்தபோது, அவள் வாசலை விட்டு இறங்கி, தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

“இன்னைக்கு அவன் பொறந்த நாள்” என்றாள்.

மகன் போன பிறகு இருவரில் ஒருவர் அவனைப் பற்றிச் சொன்ன முதல் சொல். அவர் பிரேக்கை அழுத்தினார். ஊதல் ஒலித்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். காவலாளி ஓடி வந்து வண்டியின் மேல் தட்டி, “போங்க சார், போங்க, ஒரு சுத்துதான் கணக்கு” என்றார்.

அவர் போனார். மூலையில் சிவப்பு விளக்கு. அதற்கடுத்த மூலையில் லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. “தெரியும். காலையிலேர்ந்து தெரியும்” என்று அவர் ஸ்டியரிங்கிடம் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார், வாசல் வருவதற்குள் மறந்துவிடும் என்பது போல. வாசல் வந்தபோது அங்கே யாரும் இல்லை. உட்காரக் கூடாத பெஞ்சின் மேல் பிளாஸ்க்கு மட்டும் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. காவலாளி கைகளை விரித்து வழியை மறித்தார்.

கடைக்குத் திரும்பி, வண்டியைப் பூட்டி, விளக்கைப் போட்டார். கண் பரிசோதனை அட்டைக்கு எதிரே அந்த நாற்காலி இருந்தது. எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்ததில் கைப்பிடியின் மெருகு போயிருந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். சின்ன வயதில் அவன் ஆணியால் கீறிய வண்டிப் படம் அப்படியே இருந்தது. அன்றைக்கு அதற்காக அவனைத் திட்டியிருந்தார்.

நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வீதி முனையில் காவலாளி தடுத்தார். “வீதியில சாமான் எதையும் வைக்கக் கூடாது சார்.”

“வைக்கலப்பா. தூக்கிட்டுதான் போறேன்.”

காவலாளி கையிலிருந்த தீர்மானத்தைப் புரட்டினார். தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. “கீழ மட்டும் வச்சுடாதீங்க” என்றார்.

கீழே வைக்காமலேதான் வாசல் வரைக்கும் வந்தார். வழியில் பெஞ்சின் மேலிருந்த பிளாஸ்க்கை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருந்ததால் கதவைத் தட்ட முடியவில்லை. காலால் தட்ட மனம் வரவில்லை. அப்படியே நின்றார். எதிர் வீட்டு ஜன்னலில் செயலாளர் தெரிந்தார். பார்த்துவிட்டு, அவரும் கொள்கை மறந்து திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன. முதலில் நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் தெருவைப் பார்த்தாள்.

“வண்டி எங்க?”

“கடையில. நடந்து வந்தேன்.”

அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, மூன்றாவதன் இடத்தை அவள் எதையும் போட்டு நிரப்பியிருக்கவில்லை.

“தெரியும்” என்றார் அவர். “காலையிலேர்ந்து தெரியும். அதைச் சொல்லத்தான் சுத்திட்டு வந்தேன்.” தோள் வலித்தது. நாற்காலியைக் கீழே வைக்கவில்லை.

“உள்ள வரட்டுமா?” என்று கேட்டார்.